விடிய எழும்பிப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கிறது

மல்லாவிப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் ஆறு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பியவை. ஆறிலும் உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டிருக்கிறோம். இணையத்துக்கு ஒரேயொரு டொங்கிள். அதற்கு நாங்கள் போடும் பேக்கேஜில் பகல் டேட்டா கொஞ்சம்தான். இரவு 12 மணிக்குப் பிறகுதான் தாராளம். அதனால் பெரிய டவுன்லோட் எல்லாவற்றையும் இரவுக்கு ஒதுக்கிவிடுவோம்.

உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை ஒரு மடிக்கணினியையும் டொங்கிளையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். 12 மணி தாண்டியதும் கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து, மென்பொருள் பட்டியலைப் புதுப்பித்து, இருக்கிற மென்பொருள்களை மேம்படுத்தி, படம் திருத்தும் கிம்ப்பையும் சிறுவர் கல்வி மென்பொருளான ஜிகாம்ப்ரிஸையும் இன்ஸ்டோல் செய்ய வேண்டும் என்று மூன்று கட்டளைகளை ஒரே வரியில் கோத்து அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தாள். வேலை ஓடத் தொடங்கியதும் படுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "அண்ணை, விடிய எழும்பிப் பாத்தா திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிக்குது. ஒருக்கா குடுத்தனான்தானே, பிறகேன் கேக்குது? இரவு டேட்டா முழுக்க வீணாப் போச்சு."

அவள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. லினக்ஸுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஏதோ ஒரு நாள் இதில் முட்டிக்கொள்வார்கள். கணினி குழம்பிப்போய்க் கேட்கவில்லை, அதற்கென்று தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்த இடத்தில் கேட்கும், எந்த இடத்தில் கேட்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தொடங்குமுன் ஒன்று. கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில், ஏன் பாஸ்வேர்ட்? லினக்ஸில் ஒரு மென்பொருளை இன்ஸ்டோல் செய்வதென்றால் அதன் கோப்புகளைக் கணினி முழுவதற்கும் பொதுவான இடங்களில் கொண்டுபோய் வைப்பது. அந்த இடங்கள் 'ரூட்' என்ற நிர்வாகக் கணக்குக்குச் சொந்தம். நீங்கள் நாளாந்தம் புழங்கும் கணக்கு உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் எதையும் செய்யலாம், ஆனால் பொது இடத்தில் கைவைக்க முடியாது. கைவைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் ரூட்டின் அதிகாரத்தைக் கடனாக வாங்கித் தருவதுதான் 'சூடோ' என்ற கட்டளை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பொப் கோக்ஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் 1980ஆம் ஆண்டளவில் எழுதியது. பல பேர் பகிர்ந்து பாவித்த பெரிய கணினி ஒன்றுக்காக. ஆறு மடிக்கணினியை ஐம்பது பிள்ளைகள் பாவிக்கும் எங்கள் நிலையத்துக்கும் அந்த யோசனை அப்படியே பொருந்துகிறது.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். எங்கள் ஊர்க் குளத்தை வைத்தே சொல்கிறேன், எனக்கு அதுதான் லேசு.

குளத்துத் துருசின் (மதகின்) திறப்பு, அதாவது சாவி, கமக்காரர் அமைப்பில் பொறுப்பான ஒருவரின் வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். வயலுக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் அவரிடம் போய், நீங்கள் யார் என்று காட்டி, திறப்பை வாங்கித் துருசைத் திறக்கிறீர்கள். திறந்தபிறகு தண்ணீர் விடிய விடிய ஓடும். நடுச்சாமத்தில் யாரும் வந்து "திறப்புக் குடுத்தது ஆருக்கு?" என்று கேட்கப்போவதில்லை, கேள்வியெல்லாம் திறக்கும் நேரத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அது முடிந்து இன்னொரு துருசைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் திரும்பவும் அந்த வீட்டுப் படலையைத் தட்ட வேண்டும். இப்போதுதான் வந்துபோன ஆளென்றால் முகத்தைப் பார்த்ததும் திறப்பைத் தந்துவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் முதலில் இருந்து விசாரிப்பார்.

சூடோ செய்வதும் அப்படியே. பாஸ்வேர்ட் கேட்பது சூடோ தொடங்கும்போது மட்டும். தொடங்கிய வேலை ஐந்து நிமிடம் ஓடினாலும் ஐந்து மணி நேரம் ஓடினாலும் நடுவில் அது திரும்பக் கேட்பதில்லை. வேலை முடிந்து, அடுத்த சூடோ வரும்போதுதான் "இவரைக் கடைசியாக எப்போது விசாரித்தேன்?" என்று பார்க்கிறது. உபுண்டுவிலும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸிலும் 15 நிமிடத்துக்குள் என்றால் பேசாமல் விட்டுவிடும், அதற்கு மேல் என்றால் திரும்பக் கேட்கும். சூடோவை எழுதியவர்கள் வைத்த அசல் அளவு 5 நிமிடம்தான். ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில் இன்றும் அந்த 5 நிமிடம்தான்.

இப்போது அந்தப் பிள்ளையின் இரவைத் திரும்பப் பாருங்கள். அவள் அடித்த வரி இப்படி இருந்தது ('ஆப்ட்' என்பது உபுண்டுவில் மென்பொருள்களை இறக்கி இன்ஸ்டோல் செய்யும் கட்டளை):

சூடோ ஆப்ட் அப்டேட் && சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் -ஒய் && சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் -ஒய் கிம்ப் ஜிகாம்ப்ரிஸ்-கியூடி

எத்தனை சூடோ? மூன்று. ஒரே வரியில் இருந்தாலும் மூன்று தடவை படலையைத் தட்டுகிறது. முதலாவதில் பாஸ்வேர்ட் கொடுத்தாள். பட்டியல் புதுப்பிப்பது சில நிமிடத்தில் முடிந்ததால் இரண்டாவது சூடோ கேட்காமலே உள்ளே போய்விட்டது. அந்த மேம்படுத்தல் எங்கள் டொங்கிளின் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அது முடிந்து மூன்றாவது சூடோ வந்தபோது 15 நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. கேட்டது. பதில் சொல்ல ஆளில்லை. எங்கள் உபுண்டுவில் அந்தக் கேள்வி பதில் வரும்வரை அப்படியே காத்து நிற்கும். விடியும்வரை நின்றது. ஆர்ச் போன்றவற்றில் நிற்பதும் இல்லை: 5 நிமிடம் பார்த்துவிட்டு, நேரம் முடிந்தது என்று சொல்லி வேலையையே கைவிட்டுவிடும். அங்கே மூலநிரலில் இருந்து மணிக்கணக்காகக் கட்டப்படும் மென்பொருள்களில் இது பெரிய தலையிடி. கட்டி முடிக்கும்வரை சூடோ தேவையில்லை, கடைசியில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் கேட்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பீர்கள்.

இன்னொன்று: அந்த நினைவு டெர்மினல் ஜன்னலுக்கு ஜன்னல் தனித்தனி. ஒரு ஜன்னலில் இப்போதுதான் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தாலும் புதிதாக ஒன்றைத் திறந்து சூடோ அடித்தால் அங்கேயும் கேட்கும்.

அந்தக் காலையில் அவள் இன்னொரு சந்தேகமும் கேட்டாள், அது இதைவிட அடிப்படையானது. பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் எதுவுமே தெரிவதில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை, குறி நகர்வதும் இல்லை. முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் "சேர், கீபோர்ட் வேலை செய்யுதில்லை" என்றுதான் சொல்கிறார்கள். கீபோர்ட் வேலை செய்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. முழுதாக அடித்து என்டர் தட்டுங்கள், போதும். லினக்ஸ் மின்ட், உபுண்டுவின் மிகப் புதிய பதிப்பு போன்ற சிலவற்றில் நட்சத்திரக் குறிகள் தெரியும். நடுவில் பிழைத்துவிட்டது போல் தோன்றினால் கன்ட்ரோல் விசையோடு 'யு'வைத் தட்டுங்கள், அடித்தது முழுக்க அழிந்துவிடும், திரும்ப அடிக்கலாம். மூன்று தடவை பிழைத்தால் சூடோ அந்தக் கட்டளையை விட்டுவிடும். பயப்பட ஒன்றுமில்லை, கட்டளையைத் திரும்ப அடித்தால் திரும்பக் கேட்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ஏதோ எழுதிவிட்டு, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து, பாஸ்வேர்டை அடிப்போம். உள்ளே போவது தமிழ் எழுத்து. திரையில் எதுவும் தெரியாததால் பிழை கண்ணில் படாது. "சரியாத்தானே அடிக்கிறன், ஏன் பிழை எண்டுது?" என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திரையின் மேல் மூலையில் மொழிக்குறி தெரியும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு கேப்ஸ் லொக். பாஸ்வேர்டில் இலக்கம் இருந்து அதை வலப்பக்க இலக்கப் பலகையில் அடிப்பவரென்றால் 'நம் லொக்' விசையையும் பாருங்கள்.

கேட்பது யாருடைய பாஸ்வேர்ட்? உபுண்டுவில் உங்களுடையது, கணினிக்குள் நுழையும்போது கொடுப்பது. ரூட்டுக்கென்று தனிப் பாஸ்வேர்ட் அங்கே இல்லை, அந்தக் கணக்கைப் பூட்டித்தான் தருகிறார்கள். டெபியனில் கொஞ்சம் கவனம் வேண்டும்: முதன்முதலில் டெபியன் போடும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் உங்கள் கணக்குக்கு சூடோ உரிமை வராது. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால்தான் வரும். உரிமை இல்லாதவர் சூடோ அடித்தால், நீங்கள் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்ற கருத்தில் ஒரு வரி வரும். புதுப் பதிப்புகளில் சொல் கொஞ்சம் மாறியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் பிள்ளை பயந்துபோவது இயல்பு. அது அந்தக் கணினியின் நிர்வாகிக்கு, பெரும்பாலும் அதே கணினிக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டுக்குப் போகும் குறிப்பு மட்டுமே. வெளியே யாருக்கும் போவதில்லை.

சரி, இரவு வேலையை எப்படிச் செய்வது?

மூன்று சூடோவை ஒன்றாக்குவது முதல் வழி. 'சூடோ -ஐ' என்று அடித்துப் பாஸ்வேர்ட் கொடுத்தால் நீங்கள் ரூட்டாகவே உள்ளே போய்விடுவீர்கள். கட்டளை வரியின் முனையில் டொலர் குறி இருந்த இடத்தில் # குறி வந்து நிற்கும். அதன் பிறகு சூடோ இல்லாமலே மூன்று கட்டளையையும் && போட்டுக் கோத்து அடிக்கலாம். துருசு ஒரே தடவை திறந்தாயிற்று, விடியும்வரை ஓடும். ஆனால் வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று அடித்து வெளியே வந்துவிட வேண்டும். # குறியோடு டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு எழும்பிப் போவது, துருசுத் திறப்பைக் குளக்கட்டில் வைத்துவிட்டுப் போவது போலத்தான். வீட்டில் தனியறையில் என்றால் சரி. பலர் வந்துபோகும் நிலையத்தில் இரவு முழுக்க அப்படி விட்டுவிட நான் சம்மதிப்பதில்லை.

'-ஒய்' என்பது, தொடரட்டுமா என்று ஆப்ட் கேட்கும் கேள்விக்கு "ஓம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. இதைப் போடாமல் படுத்தால் பாஸ்வேர்ட் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியில் வேலை நின்றுவிடும். ஆனால் '-ஒய்' போட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று என்று நினைக்க வேண்டாம். பொதிகள் (மென்பொருள்கள் கட்டாக வந்து இறங்கும் கோப்புகள்) தாமாகக் கேட்கும் கேள்விகள் வேறு, அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வழி. இரவில் டவுன்லோட் மட்டும், இன்ஸ்டோல் பகலில். ஆப்ட் கட்டளையில் '-டி' என்று சேர்த்தால் பொதிகளை இறக்கி வைத்துவிட்டு அது நின்றுவிடும். எங்களுக்கு டேட்டா செலவாவது இறக்கும்போதுதான், இன்ஸ்டோல் செய்யும்போது அநேகமாக இணையமே தேவையில்லை. பொதிகள் கேள்வி கேட்பதோ இன்ஸ்டோல் நேரத்தில். ஆகவே இரண்டையும் பிரித்துவிட்டால் இரவில் கேள்வி வராது. பகலில் கேள்வி வரும்போது முன்னால் ஆள் இருக்கும். டவுன்லோட் நடுவில் அறுந்தாலும் திரும்ப அதே கட்டளையை அடித்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும், இறங்கியது வீணாகாது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது பெரிய ஆறுதல். இன்ஸ்டோல் நடுவில் கரண்ட் போய் பற்றரியும் இறந்துவிட்டால் பொதிகள் அரைகுறையாக நிற்கும். அப்படி நடந்துவிட்டால் 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ' என்று அடியுங்கள், பாதியில் நின்றதை அது முடித்துவைக்கும்.

மூடியை மூடிவிட்டுப் படுக்காதீர்கள். மடிக்கணினி தூங்கிவிட்டால் டவுன்லோடும் தூங்கிவிடும். மின்சேமிப்பு அமைப்பில் தானாகத் தூங்குவதை அன்றைக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்கும் இடைவெளியையும் கூட்டலாம். சூடோவின் விதிக்கோப்பில் 'டைம்ஸ்டாம்ப் டைம்அவுட்' என்ற அமைப்பு உண்டு. அதற்கு 60 என்று கொடுத்தால் ஒரு மணி நேரம் நினைவு வைத்திருக்கும். 0 என்றால் ஒவ்வொரு தடவையும் கேட்கும். அந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து திருத்த வேண்டாம். 'சூடோ விசூடோ' என்ற கட்டளையால்தான் திறக்க வேண்டும், ஏனென்றால் சேமிக்குமுன் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்தக் கோப்பில் ஒரு பிழை விழுந்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம்; சூடோ இல்லாமல் அந்தப் பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

மற்றப்பக்கமாக, எழும்பிப் போகுமுன் அந்த 15 நிமிட நினைவை நீங்களே அழித்துவிடலாம். 'சூடோ -கே' என்றால் போதும், அடுத்த சூடோ கட்டாயம் கேட்கும். எங்கள் நிலையத்தில் வேலை முடிந்த கையோடு இதை அடித்துவிட்டு எழும்பும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

செய்யக் கூடாத இரண்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் ஆலோசனைகள் அவைதான். ஒன்று, 'நோபாஸ்வேர்ட்' என்று விதிக்கோப்பில் எழுதி, பாஸ்வேர்ட் கேட்பதையே நிறுத்திவிடுவது. அதன் பிறகு உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும், எங்கிருந்தோ பென்ட்ரைவில் வந்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட்கூட, உங்களைக் கேட்காமலே கணினி முழுவதையும் கையில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பாஸ்வேர்டை ஒரு கோப்பிலோ கட்டளை வரியிலோ எழுதி சூடோவுக்கு ஊட்டிவிடுவது. டெர்மினல் நீங்கள் அடித்த வரிகளைச் சேமித்து வைக்கும். மேல்நோக்கிய அம்புக்குறியைச் சில தடவை தட்டினால் அடுத்து வந்து உட்காரும் பிள்ளைக்கு உங்கள் பாஸ்வேர்ட் பளிச்சென்று தெரியும். ஒரு தடவை ஒரு பெடியன் அப்படி எழுதிய வரியை நானே கண்டேன். அவனது மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான். இரண்டையும் அன்றைக்கே மாற்ற வைத்தோம்.

இனி, பொதிகள் தாமாகக் கேட்கும் கேள்விகள். நீண்ட இன்ஸ்டோல் நடுவில் வருவதெல்லாம் சூடோவின் கேள்வி இல்லை. பாஸ்வேர்ட் கேட்டதும் கை தானாக ஓடி ஒரே பாஸ்வேர்டை அடிப்பதற்கு முன்னால் கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். '[சூடோ]' என்று முன்னால் போட்டு உங்கள் கணக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது சூடோ.

டெர்மினல் முழுக்க ஊதாவாகவோ நீலமாகவோ மாறி நடுவில் ஒரு பெட்டி வந்தால் அது பொதி தன் அமைப்புக்காகக் கேட்பது. உபுண்டுவில் பாட்டு, வீடியோ எல்லாம் ஓடுவதற்கென்று எல்லோரும் போடும் 'ரிஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' பொதியில் இது கட்டாயம் வரும். மைக்ரோசொஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் அது. மவுஸால் 'ஓகே'யைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், நகராது. டாப் விசையைத் தட்டி 'ஓகே' நிறம் மாறியதும் என்டர். அடுத்த பெட்டியில் 'யெஸ்' என்பதற்குப் போய் என்டர். இந்தப் பொதியில் இன்னொரு விசேஷமும் உண்டு: எழுத்துருக்கள் பொதிக்குள் இல்லை, இன்ஸ்டோல் செய்யும் நேரத்தில்தான் வெளியிலிருந்து இறக்கும். ஆகவே இரவில் '-டி' போட்டு இறக்கியிருந்தாலும் பகலில் இதற்கு மட்டும் டொங்கிளைச் செருகத்தான் வேண்டும்.

பிச்எம்பிமைஅட்மின் போன்றவற்றைப் போடும்போது புதுப் பாஸ்வேர்ட் ஒன்றைத் தரச் சொல்லும். அது தரவுத்தளத்தோடு பேசுவதற்காக அந்த மென்பொருளுக்கென்றே புதிதாக உருவாக்கும் பாஸ்வேர்ட். வெறுமையாக விட்டால் அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புவது செக்கியூர் பூட் பாஸ்வேர்ட். பழைய மடிக்கணினி சிலவற்றில் வைஃபை வேலை செய்ய, அல்லது என்விடியா கார்ட் வேலை செய்ய, தனி டிரைவர் போட வேண்டியிருக்கும். செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியென்றால், தான் நம்பும் கையொப்பம் இல்லாத டிரைவரை அது ஏற்றுக்கொள்ளாது. ஆகவே உபுண்டு அந்தக் கணினிக்கென்று ஒரு கையொப்பத் திறப்பை உருவாக்கி, அதைப் பதிவுசெய்ய ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். 8 எழுத்திலிருந்து 16 எழுத்துக்குள், இரண்டு தடவை. இது உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் இல்லை. ஒரே ஒரு தடவை பாவிக்கப்போகும் பாஸ்வேர்ட். நீங்களே யோசித்துப் புதிதாகக் கொடுப்பது. கடதாசியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கணினி தொடங்கும்போது, உபுண்டு வருமுன்னரே, ஒரு நீலத் திரை வந்து ஏதாவது விசையைத் தட்டச் சொல்லும். பத்து விநாடிதான். தவறவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வழமைபோல உபுண்டுவுக்குள் போய்விடும், வைஃபை மட்டும் வராது. தட்டினால் 'என்ரோல்' என்று தொடங்கும் வரியைத் தெரிந்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், எழுதி வைத்த அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து, மீளத் தொடங்க வேண்டும். பிறகு அந்தக் கடதாசி தேவையில்லை.

டெர்மினல் பக்கமே போகாமல் மென்பொருள் அங்காடியிலிருந்து இன்ஸ்டோல் செய்பவர்களுக்குத் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கும். அது சூடோ இல்லை, 'போல்கிட்' என்ற வேறொன்று. அதுவும் உங்கள் பாஸ்வேர்டைத்தான் கேட்கிறது. அதற்கும் இதுபோல் ஒரு சின்ன நினைவு உண்டு, அதன் கணக்கு வேறு. பெட்டியில் எதற்காகக் கேட்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கும். அதை வாசியுங்கள். நீங்கள் எதையும் இன்ஸ்டோல் செய்யவில்லை, எந்த அமைப்பையும் மாற்றவில்லை, சும்மா இணையத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது பாஸ்வேர்ட் பெட்டி வந்தால் கொடுக்காதீர்கள். ரத்துச் செய்துவிட்டு யாரிடமாவது கேளுங்கள். உபுண்டு தன் புதுப்பித்தல்களுக்காகக் கேட்டிருக்கலாம், ரத்துச் செய்வதால் நட்டம் ஒன்றுமில்லை, பிறகு செய்துகொள்ளலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை திரும்ப மடிக்கணினியைக் கொண்டுபோனாள். இந்தத் தடவை 12 மணிக்கு 'சூடோ -ஐ', பிறகு ஒரே வரியில்:

ஆப்ட் அப்டேட் && ஆப்ட் -ஒய் -டி ஃபுல்-அப்கிரேட் && ஆப்ட் -ஒய் -டி இன்ஸ்டோல் கிம்ப் ஜிகாம்ப்ரிஸ்-கியூடி ; எக்ஸிட்

கடைசியில் அரைப்புள்ளி போட்டு 'எக்ஸிட்' சேர்த்தது அவளுடைய யோசனை. வேலை முடிந்ததும் ரூட்டிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் திரையில் எந்தக் கேள்வியும் இல்லை. டவுன்லோட் முடிந்தது, டவுன்லோட் மட்டும் செய்யும் நிலையில் இருக்கிறேன் என்று ஆப்ட் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, அதன் கீழே டொலர் குறி.

சனிக்கிழமை நிலையத்துக்கு வந்து, இன்ஸ்டோல் செய்யுமுன் இறங்கிய பொதிகளைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டோம். 'வார்' கோப்புறைக்குள் 'கேஷ்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஆர்கைவ்ஸ்', அங்கேதான் அவை இருக்கும். இன்ஸ்டோல் முடிந்ததும் ஆப்ட் அவற்றை அழித்துவிடும், ஆகவே எடுப்பதென்றால் முன்னரே எடுத்துவிட வேண்டும். மற்ற ஐந்து கணினிகளும் அதே உபுண்டுப் பதிப்பு. ஒவ்வொன்றிலும் டொங்கிளைச் செருகிப் பட்டியலை மட்டும் புதுப்பித்து, பொதிகளை அதே கோப்புறையில் போட்டு, டொங்கிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டோல் கட்டளையை அடித்தோம். ஆறு கணினியிலும் ஆறு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்ட். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஆறிலும் ஜிகாம்ப்ரிஸ் ஓடியது.